கேள்வி பதில்: மேகம் மூடிய வானத்தில் சூரிய அனல்

வெயிலைக் கண்ணாடிகளால் குவித்து, அந்தச் சூட்டில் நீராவி உண்டாக்கி, டர்பைன் சுழற்றி மின்சாரம் எடுக்கும் சி.எஸ்.பி. நிலையங்களைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். மழை மிகுந்த வெப்பமண்டலத்தில் இவை தடுமாறும் என்று போகிற போக்கில் ஒரு வரி அதில் இருந்தது. அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள். பாய்லர்களோடும் சூரியக் கண்ணாடிகளோடும் வேலைக்காலத்தைக் கழித்தவன் நான். பதில்களில் குழாய், வால்வு வாடை கொஞ்சம் அடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, நிலநடுக்கோட்டுப் பக்கம் வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆனால் சி.எஸ்.பி. நிலையங்களை ஸ்பெயினிலும் மொராக்கோவிலும் போய்க் கட்டுகிறார்கள். இது என்ன கணக்கு? (கல்லூரி மாணவர் ஒருவர்)

மண்டையைப் பிளப்பதில் பாதி வெயில், மீதி புழுக்கம், தம்பி. உடம்பு இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. கண்ணாடி பார்க்கும்.

வானத்தில் சூரியன் ஏறத்தாழ அரை டிகிரி அகலம்தான். அந்தச் சிறு வட்டத்திலிருந்து நேராக வரும் கதிரை மட்டுமே வளைந்த கண்ணாடியால் ஒரு கோட்டிலோ புள்ளியிலோ கொண்டுபோய்ச் சேர்க்க முடியும். மேகத்திலும் ஈரக்காற்றின் துகள்களிலும் பட்டுச் சிதறி நாலா பக்கமிருந்தும் வரும் ஒளி எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் குவியாது. வெளியே போய்க் கையை நீட்டிப் பாருங்கள். தரையில் விழும் நிழலின் ஓரம் கத்திபோல் இருந்தால் கண்ணாடிக்கு வேலை இருக்கிறது. ஓரம் கலங்கியிருந்தால், கண் கூசினாலும் பயனில்லை.

ஈர வெப்பமண்டலத்தில் தரையில் விழும் மொத்த ஒளி ஒன்றும் குறைவில்லை. பல இடங்களில் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 1600 முதல் 1900 யூனிட் வரை கிடைக்கிறது. ஆனால் அதில் பாதிக்குப் பக்கம் சிதறொளி. சூரியனைப் பார்த்தே திரும்பும் கண்ணாடிக்குக் கிடைக்கும் நேர்க்கதிர் பெரும்பாலும் 1000 முதல் 1500 யூனிட்டுக்குள் நின்றுவிடும். தென் ஸ்பெயினில் அது 2000-ஐ ஒட்டி இருக்கிறது. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் 3500-ஐயும் தாண்டும். மின்சாரத்துக்காக நிலையம் கட்டுகிறவர்கள் 2000-ஐத்தான் வாசற்படியாக வைத்திருக்கிறார்கள். நாம் பேசப்போவதெல்லாம் அந்தப் படிக்குக் கீழே நின்றுகொண்டு செய்யக்கூடிய காரியங்கள்.

செயற்கைக்கோள் வரைபடத்தில் ஒரு இடத்துக்கு நேர்க்கதிர் 1500 என்று காட்டுகிறது. அதை நம்பி முதலீடு செய்யலாமா?

முதலீடு செய்வதற்கு முன் அங்கே ஒரு கருவியை நிறுத்தி, குறைந்தது ஒரு வருடம் அளந்து பாருங்கள். வறண்ட நாட்டிலேயே வரைபடம் காலை வாரியிருக்கிறது. இந்தியாவில் தேசிய சூரிய ஆற்றல் இயக்கத்தின் முதல் கட்டத்தில், 2010-இல், 470 மெகாவாட் அளவுக்கு சி.எஸ்.பி. திட்டங்கள் ஒதுக்கப்பட்டன. பிறகு தரையில் அளந்தபோது, காற்றிலுள்ள தூசு காரணமாக நேர்க்கதிர் எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்று தெரியவந்தது. அவற்றில் பெரிய அளவில் கட்டி முடிந்தவை கோதாவரி நிறுவனத்தின் 50, மேகா நிறுவனத்தின் 50, ரிலையன்ஸின் 125 மெகாவாட். கூட்டினால் பாதிகூட வரவில்லை. 2011-இல்தான் சென்னையிலிருந்த காற்றாற்றல் தொழில்நுட்ப மையத்தின் மூலம் நாடெங்கும் 51 அளவை நிலையங்கள் போட்டார்கள். ஒதுக்கீட்டுக்கு முன்பே அதைச் செய்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஈர நாட்டில் இதற்கு மேல் இன்னொரு பொறியும் உண்டு, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நேர்க்கதிரை அளக்கும் பைர்ஹீலியோமீட்டர் ஏறக்குறைய 5 டிகிரி அகலத்துக்கு வானத்தைப் பார்க்கிறது. சூரியன் அரை டிகிரி. மெல்லிய உயர்மேகமோ பனிமூட்டமோ இருந்தால் சூரியனைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம் தெரியும், கவனித்திருப்பீர்கள். அந்த வளையத்தின் ஒளியையும் கருவி நேர்க்கதிர் என்றே கணக்கில் எழுதிக்கொள்ளும். கண்ணாடி குவித்துத் தரும்போது அந்த ஒளியில் ஒரு பகுதி, குவிந்த ஒளியை வாங்கிச் சூடேறும் ரிசீவர் குழாயில் படாமல் பக்கத்தில் வழிந்துவிடும். தெளிந்த வானத்தில் இந்த வித்தியாசம் பொருட்டே இல்லை. ஈரக்காற்றில் ஏட்டுக்கணக்கும் மீட்டர் கணக்கும் ஒத்துவராததற்கு இது ஒரு முக்கியமான காரணம். ரிசீவருக்குப் பின்னால் இரண்டாவதாக ஒரு சிறு கண்ணாடி வைத்து, வழியும் கதிரைத் திரும்பப் பிடிக்கலாம். தரையோரம் வரிசையாக நிற்கும் கண்ணாடிப் பட்டைகள் மேலேயுள்ள குழாய்க்கு ஒளியை அனுப்பும் லீனியர் ஃப்ரெனெல் வகையில் இது வழக்கமான ஏற்பாடுதான்.

கண்ணாடியின் பிரதிபலிப்பை 94 சதவீதத்திலிருந்து 96-ஆக உயர்த்தினால் ஈரப் பகுதிகளில் திறன் கூடுமா? (ஆராய்ச்சி மாணவி)

கூடும், இரண்டு சதவீதம். ஆனால் அம்மா, உங்கள் நிலையம் நஷ்டப்படுவது அந்த இடத்தில் இல்லை.

ஒரு கணக்குப் போடுவோம். நீளத் தொட்டிபோல் வளைத்து, நடுவில் ரிசீவர் குழாய் ஓடும்படி செய்த கண்ணாடியைக் கண்ணாடித் தொட்டி என்போம். யூரோட்ரஃப் என்ற வகையில் அதன் வாய் 5.77 மீட்டர் அகலம். சதுர மீட்டருக்கு 900 வாட் நேர்க்கதிர் அடிக்கும்போது ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 5200 வாட் விழுகிறது. கண்ணாடி, கண்ணாடியுறை, பூச்சு எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டபின் முக்கால் பங்கு, அதாவது 3900 வாட், குழாய்க்குள் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாய் 400 டிகிரியில் இருந்தால் வெற்றிட உறையையும் மீறி மீட்டருக்கு 250 வாட் வெளியே போகும். நஷ்டம் ஆறு சதவீதம் சொச்சம். போகட்டும்.

இப்போது மெல்லிய மேகம் வந்து வெயில் 300 வாட்டாக இறங்குகிறது. உள்ளே போவது 1300 வாட். ஆனால் வெளியே போவது அதே 250 தான், ஏனென்றால் கசிவு குழாயின் சூட்டைப் பொறுத்தது, வெயிலைக் கேட்டுக்கொண்டு அது குறையாது. நஷ்டம் 19 சதவீதம். வெயில் 150-ஆனால் 38 சதவீதம். ஈர நாட்டில் வருடத்தின் பெரும்பகுதி இப்படித்தான் ஓடுகிறது.

சரி, சூட்டைக் குறைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். 250 டிகிரியில் ஓட்டினால் குழாயின் கசிவு மீட்டருக்கு நூறு வாட்டுக்கும் கீழே வந்துவிடும், உண்மைதான். ஆனால் டர்பைன் சும்மா விடாது. டர்பைனை விட்டு வரும் நீராவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கும் கண்டென்சர் 40 டிகிரியில் இருந்தால், 390 டிகிரி நீராவிக்கு இயற்கை அனுமதிக்கும் உச்சத் திறன் 53 சதவீதம். 250 டிகிரிக்கு 40 சதவீதம்தான். பெருக்கிப் பார்த்தால் 300 வாட் வெயிலில்கூட அதிகச் சூடே ஜெயிக்கிறது. 150 வாட் வரை இறங்கினால்தான் தராசு மறுபக்கம் சாய்கிறது. ஆகவே மின்சாரத்துக்காக 'ஈர நாடென்றால் குறைந்த சூடு' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதும் கட்டுரைகளை நான் ஒப்புக்கொள்வதில்லை.

அப்படியானால் திறன் எங்கே தொலைகிறது? நின்று நின்று கிளம்புவதில். ஒரு மணி நேரத்துக்கு மேல் மேகம் நின்றால் குழாயும், உள்ளே வெப்பத்தைச் சுமந்து ஓடும் எண்ணெயும் இருந்த சூட்டிலிருந்து நூறு டிகிரி அளவுக்குக் குறைந்துவிடும். முழு வெயில் திரும்பினால் நாலு நிமிடத்துக்குள் மீண்டுவிடலாம். திரும்பியது 300 வாட் வெயில் என்றால் கால் மணி நேரத்தை நெருங்கும். இது குழாய்க்கு மட்டும். எண்ணெயைச் சேர்த்துக் கொண்டுபோகும் தலைப்புக் குழாய்கள், நீராவி ஜெனரேட்டர், டர்பைன் சுழலி எல்லாம் கனத்த இரும்பு. அவற்றை அவசரமாகச் சூடேற்றவும் கூடாது, ஏற்றினால் உலோகம் சோர்ந்து விரிசல் விடும். அவை பதமாவதற்குள் அடுத்த மேகம் வந்து நிற்கும். இப்படி ஒரு நாளில் சேர்த்த வெப்பத்தில் பெரும் பங்கு, ஒரு யூனிட்கூடத் தராமல், இரும்பைச் சூடாக்குவதிலேயே போய்விடுகிறது. நடுப்பகல் திறனை அளந்து கட்டுரை எழுதுகிறவர்கள் கண்ணில் இது படுவதே இல்லை. உங்கள் ஆய்வில் 'வருடத்துக்கு எத்தனை முறை ஸ்டார்ட் செய்கிறோம், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வெப்பம் போகிறது' என்று ஒரு அத்தியாயம் வையுங்கள். கண்ணாடியை மெருகேற்றுவதைவிட அது உருப்படியாக இருக்கும்.

அதற்குத்தானே வெப்பச் சேமிப்பு? உருகிய உப்பில் சூட்டைச் சேர்த்துவைக்கும் 15 மணி நேர உப்புத் தொட்டி வைத்துவிட்டால் மேகத் தொல்லை தீர்ந்ததே?

ஸ்பெயினில் செவில் பக்கம் 2011-இல் வந்த ஹெமாசோலார் நிலையத்தில் 15 மணி நேரச் சேமிப்பு உண்டு. அங்கே நிறைக்க வெயில் இருக்கிறது, வைத்தார்கள். நிறையாத தொட்டியைப் பெரிதாகக் கட்டி என்ன செய்ய?

அந்த உப்பு 60 சதவீதம் சோடியம் நைட்ரேட், 40 சதவீதம் பொட்டாசியம் நைட்ரேட். 220, 240 டிகிரிக்கு இறங்கினாலே கட்டிதட்ட ஆரம்பித்துவிடும். தொடர்ந்து நாலு நாள் அடைமழை என்றால் உப்பு உறையாமல் இருக்க மின்சாரம் செலவழித்துச் சூடேற்ற வேண்டும். மின்சாரம் விற்க வந்தவன் வாங்கிக்கொண்டிருப்பான்.

ஈர நாட்டுக்கு வேண்டியது அரை மணியிலிருந்து ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணி நேரத் தாங்கல்தான். மேகம் கடக்கும்வரை டர்பைன் நிற்காமல் ஓட அது போதும். இதற்கு நீராவி அக்யூமுலேட்டரே எனக்குப் பிடித்தது. அழுத்தத்தோடு அடைபட்ட வெந்நீர்த் தொட்டி அது. அழுத்தத்தை இறக்கினால் வெந்நீரே பொங்கி நீராவியாகும். பாய்லர்காரர்கள் நூறு வருடமாகக் கையாண்ட பொருள், யாருக்கும் புதிதாகப் பாடம் எடுக்க வேண்டாம். ஸ்பெயினில் 2007-இல் ஓடத் தொடங்கிய பி.எஸ்.10 கோபுர நிலையத்தில் 40 பார் அழுத்தம், 250 டிகிரி நீராவிக்கு இதைத்தான் வைத்தார்கள். ராஜஸ்தானின் அபு மலையடிவாரத்தில் ஒவ்வொன்றும் 60 சதுர மீட்டர் கொண்ட 770 தட்டு வடிவக் கண்ணாடிகளோடு இருக்கும் 1 மெகாவாட் நிலையத்தில் வார்ப்பிரும்பிலேயே சூட்டைச் சேர்த்து வைக்கிறார்கள். இரும்பு உறைந்துவிடுமோ என்ற கவலை இல்லை.

இதோடு வானத்தை நோக்கி ஒரு மீன்கண் கேமரா வைத்தால், மேகம் எப்போது வந்து சேரும் என்று பத்து, இருபது நிமிடம் முன்கூட்டியே சொல்லிவிடும். வருவது சின்ன மேகமா, மதியத்தையே விழுங்கப்போகும் மேகமா என்று தெரிந்தால் ஆபரேட்டர் காத்திருப்பதா நிறுத்துவதா என்று முடிவெடுக்கலாம். முதலில் வாங்க வேண்டியது இதைத்தான் என்பேன்.

கோபுரமா, கண்ணாடித் தொட்டியா? ஈர வெப்பமண்டலத்துக்கு எது பொருந்தும்?

தொட்டி, அல்லது லீனியர் ஃப்ரெனெல். காரணம் மூட்டம். கோபுர நிலையத்தில், தரையில் பரவி நின்று கோபுர உச்சியிலுள்ள ரிசீவருக்கு ஒளியைத் திருப்பும் கண்ணாடிகளை ஹீலியோஸ்டாட் என்பார்கள். கடைக்கோடி ஹீலியோஸ்டாட்டிலிருந்து ரிசீவருக்கு ஒரு கிலோமீட்டர்கூட இருக்கும். காற்று தெளிவாக, 23 கிலோமீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிகிற நாளில் அந்த ஒரு கிலோமீட்டரில் பத்து சதவீதம் தொலையும். பார்வைத் தூரம் 5 கிலோமீட்டராகச் சுருங்கும் மூட்ட நாளில் 25 சதவீதம் போகும். தொட்டியில் கண்ணாடிக்கும் குழாய்க்கும் இடையே சில மீட்டர்கூட இல்லை.

வடிவியலும் தொட்டிக்கே துணை நிற்கிறது. வடக்கு தெற்காகப் படுக்கவைத்த தொட்டியில் நடுப்பகல் கதிர் எவ்வளவு சாய்ந்து விழுகிறது என்பது அட்சரேகையைப் பொறுத்தது. 35 டிகிரி அட்சத்தில் டிசம்பர் நண்பகலில் கிடைப்பது ஏறக்குறைய பாதி. நிலநடுக்கோட்டில் மோசமான நாளில்கூட 92 சதவீதம். வருடம் முழுக்க ஒரே சீராக இருக்கும். ஈர நாட்டுக்கு இயற்கை கொடுத்த சில சலுகைகளில் இது ஒன்று.

கோபுரம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், கண்ணாடி வயலைச் சிறிதாக்கி, மேற்குப் பக்கம் கண்ணாடிகளை அதிகமாக நடுங்கள். இப்பகுதிகளில் பல இடங்களில் காலை தெளிந்திருக்கும், மதியத்துக்கு மேல் மேகம் திரளும். காலையில் சூரியன் கிழக்கே இருக்கும்போது, மேற்கே நிற்கும் கண்ணாடிக்குச் சூரியனும் கோபுரமும் ஒரே பக்கத்தில் இருப்பதால் அது அதிகம் சாய வேண்டியதில்லை, அதன் முழு அகலமும் வேலை செய்யும். முதலில் உங்கள் இடத்தின் மணிவாரி அளவைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். மழைக்காற்றின் போக்கு இடத்துக்கு இடம் மாறும்.

ஈரக்காற்றில் குளிர்கோபுரம் வேலை செய்யாதே. டர்பைன் திறன் அதில் அடிபடுமா?

அடிபடும், ஆனால் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. காற்று 31 டிகிரி, ஈரக்குமிழ் (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு) 27 டிகிரி என்றால் கண்டென்சரை 40-ஐ ஒட்டி வைக்கலாம். பாலைவனத்தில் தண்ணீர் இல்லாமல் காற்றால் குளிர்விக்கிறவர்களுக்குக் கோடையில் அது 60 வரை ஏறும். உச்சத் திறன் 53-லிருந்து 50-ஆக இறங்கிவிடும். இந்த ஒரு விஷயத்தில் மழை நாடு பாலைவனத்தைவிட வசதி.

மழையே கண்ணாடியைக் கழுவிவிடும், பராமரிப்புச் செலவு மிச்சம்தானே?

கொட்டும் மழை கழுவும். தூறல் கழுவாது, புள்ளி புள்ளியாக அழுக்கை ஒட்டவைத்துவிட்டுப் போகும். அதைவிடப் பொல்லாதது இரவுப் பனி. தூசியை ஈரமாக்கிக் காலை வெயிலில் காயவைத்தால் அது கண்ணாடியோடு இறுகிப்போகும். ஆகவே இரவில் தொட்டிகளை முகம் கவிழ்த்து நிறுத்துங்கள். புயல் எச்சரிக்கைக்கும் அதே நிலைதான் என்பதால் சூரியனைப் பின்தொடர்ந்து கண்ணாடியைத் திருப்பும் டிராக்கிங் கட்டுப்பாட்டில் ஏற்கெனவே அது இருக்கும். ஈரம் காயாத ஓரங்களில் பாசியும் பூஞ்சையும் பிடிக்கும், அதைத் தண்ணீர் மட்டும் அடித்து எடுக்க முடியாது, தேய்த்தாக வேண்டும்.

கண்ணாடியின் முகத்தைவிட ஓரத்தையும் முதுகையும்தான் நான் உற்றுப் பார்ப்பேன். நாலு மில்லிமீட்டர் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளி, அதன்மேல் செம்பு, அதன்மேல் பெயின்ட் அடுக்குகள். வெட்டிய ஓரத்தில் பெயின்ட் விட்ட இடத்தில் ஈரம் நுழைந்தால் வெள்ளி கறுத்துக்கொண்டே உள்ளே போகும். அதற்கு மருந்து கிடையாது, கண்ணாடியை மாற்ற வேண்டியதுதான். வாங்கும்போதே ஓர முத்திரையைக் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு? ஒளிமின் தகடு வைத்துவிட்டுப் போகலாமே?

மின்சாரம் மட்டும்தான் வேண்டுமென்றால், வைத்துவிட்டுப் போங்கள். சிதறொளியையும் தகடு வாங்கிக்கொள்ளும், மேகம் விலகிய நொடியே மின்சாரம் தரும், சூடேற்றக் காத்திருக்க வேண்டாம். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் 5 மெகாவாட் தொட்டி நிலையம் 2012-இல் ஓட ஆரம்பித்தது. எண்ணெய் இல்லாமல் குழாயிலேயே தண்ணீரைக் கொதிக்கவைத்து 340 டிகிரி, 30 பார் நீராவி எடுக்கும் அழகான ஏற்பாடு. ஆனால் அதைக் கட்டிய நிறுவனமே அடுத்துப் பெரிய அளவில் போட்டது ஒளிமின் தகடுகளைத்தான்.

டர்பைனோடுதான் போக வேண்டுமென்றால் தனியாகப் போகாதீர்கள். ஸ்பெயினின் லேரிதா மாகாணத்தில் 2012-இல் வந்த போர்ஹஸ் நிலையம் 22.5 மெகாவாட். அங்கே கண்ணாடி வயலோடு மரக்கழிவு எரிக்கும் பாய்லரும் சேர்ந்தே ஓடுகிறது. வெயில் குறைந்தால் விறகு, கூடினால் விறகு மிச்சம். டர்பைன் குளிர்வதே இல்லை, நான் மேலே புலம்பிய ஸ்டார்ட் நஷ்டமும் இல்லை. ஈர நாட்டில் மரமும் விவசாயக் கழிவும் வேண்டிய மட்டும் இருக்கின்றன.

டர்பைனே வேண்டாம், தொழிற்சாலைக்கு வெந்நீரும் நீராவியும் போதும் என்றால் கதையே வேறு. அங்கே குறைந்த சூடு உண்மையிலேயே ஜெயிக்கும், ஏனென்றால் டர்பைன் தன் பங்கைக் கழிக்க வருவதில்லை. ரோலண்ட் வின்ஸ்டன் வளர்த்தெடுத்த கூட்டுப் பரவளையக் குவிப்பான் இதற்கென்றே பிறந்தது. ஒன்றரை மடங்கு மட்டும் குவிக்கும்படி அமைத்தால் சிதறொளியிலும் மூன்றில் இரண்டு பங்கைப் பிடித்துக்கொள்ளும். சூரியனைத் தேடித் திரும்பவும் வேண்டாம். வெற்றிடக் குழாயோடு சேர்த்தால் 150 டிகிரிக்கு மேல் தாராளமாக எடுக்கலாம். உலர்த்துவது, சாயம் போடுவது, பாய்லருக்குப் போகும் தண்ணீரை முன்கூட்டிச் சூடாக்குவது எல்லாமே அதற்குள் அடங்கும்.

மழைக்கு மறுநாள் எங்கள் சோலார் நீராவிக் குழாயில் சூடு ஏறவே மாட்டேன் என்கிறது. கண்ணாடி, டிராக்கிங் எல்லாம் சரியாக இருக்கிறது. (பாய்லர் ஆபரேட்டர் ஒருவர்)

லேக்கிங்கை, அதாவது குழாயைச் சுற்றிக் கட்டிய வெப்பக் காப்பைப் பாருங்கள். கடிதத்தைப் படித்ததுமே மேலே போர்த்தியிருக்கும் அலுமினியத் தகட்டின் கீழே தண்ணீர் நிற்கிறது என்று தோன்றிவிட்டது.

காய்ந்த கல்கம்பளியைவிடத் தண்ணீர் பதினைந்து மடங்கு வெப்பத்தைக் கடத்தும். அது போதாதென்று, காலையில் குழாய் சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகப் போகவே உங்கள் வெப்பத்தைக் குடிக்கும். நீங்கள் உண்டாக்கும் முதல் நீராவி லேக்கிங்குக்குள்தான் உண்டாகிறது. இரவில் குழாய் குளிர்ந்ததும் மறுபடி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். இரவு பகலாக ஓடும் சாதாரண பாய்லர் லைனில் இந்தத் தொல்லை குறைவு, சூடு ஈரத்தை விரட்டிக்கொண்டே இருக்கும். தினமும் குளிரும் சோலார் லைனுக்கு இது தீராத சீக்கு.

நஷ்டம் சூட்டோடு நிற்காது. ஈரமான லேக்கிங்குக்கு அடியில் கார்பன் ஸ்டீல் அரிப்பது சுமார் 175 டிகிரிக்குக் கீழேதான். அதற்கு மேல் உலர்ந்துவிடும். உங்கள் குழாய் அந்த ஆபத்தான இடைவெளியைத் தினம் இரண்டு முறை கடக்கிறது, மேகமூட்ட நாளில் அதிலேயே உட்கார்ந்துவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் தகடு பளபளவென்று இருக்கும்.

செய்ய வேண்டியது இது. தகட்டின் நீள இணைப்புகள் மேலே வானத்தைப் பார்த்து இருந்தால், பக்கவாட்டில் கீழ்நோக்கி மடியும்படி மாற்றிப் போடுங்கள். சப்போர்ட், வால்வு, கேஜ் வெளியே வரும் இடங்களில் சீலன்ட் பிய்ந்துபோயிருக்கும், அங்கேதான் தண்ணீர் அதிகம் இறங்குகிறது. குழாயின் தாழ்வான இடங்களில் தகட்டின் அடிவயிற்றில் சிறு வடிதுளைகள் போடுங்கள். ஊறிப்போன கம்பளியைக் காயவைத்து மறுபடி கட்டாதீர்கள், தூக்கிப் போடுங்கள். அடுத்த முறை வாங்கும்போது தண்ணீரை உள்ளே விடாத செல்லுலார் கண்ணாடி (கண்ணாடி நுரையாலான காப்பு), குறைந்தது வால்வுகளைச் சுற்றியாவது போட முடியுமா என்று பாருங்கள். விலை கூடுதல்தான். அப்புறம், எந்த இடம் ஊறியிருக்கிறது என்று கண்டுபிடிக்க மொத்த லைனையும் பிரிக்க வேண்டாம். மழைக்கு மறுநாள் காலை, குழாய் சூடேறிக்கொண்டிருக்கும்போது தெர்மல் கேமராவோடு லைன் நெடுக நடந்து வாருங்கள். ஊறிய இடத்தின் தகடு மற்ற இடங்களைவிடச் சூடாகத் தெரியும். அங்கே சாக்பீஸால் குறி போட்டுவிட்டு, லைன் குளிர்ந்தபின் அந்தத் துண்டுகளை மட்டும் கழற்றுங்கள்.